துண்டின் மறுமுனை

குத்துச்சண்டைப் போட்டி நடக்கும் இடங்களில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். தராசு என்றால்தான் தெரியும். எடை போடும் அதிகாரி அவர். காலை ஆறரைக்கே வந்து, எடைக்கருவியைத் தரையில் ஆடாமல் வைத்து, இரும்புக் கட்டியை ஏற்றிச் சரிபார்த்த பிறகுதான் தேநீரே குடிப்பார். பத்து கிராம் கூடினாலும் விடமாட்டார். பயிற்சியாளர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் அழுதே பார்த்திருக்கிறார். மனிதர் மசிந்ததில்லை. "அவர்கிட்ட பேசறதுக்கு செவுத்துகிட்ட பேசலாம்" என்பார்கள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் தராசுக்கு உடம்பு கூசும். ஏன் கூசுகிறது என்பது அவருக்கும் அவருடைய மச்சானுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மச்சான் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது.

அன்று அறுபது கிலோப் பிரிவு. ஏழாவதாக ஓர் இளைஞன் வந்து ஏறினான். அவனுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் தராசின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு மட்டும் அதே ஒல்லி. அந்த உடம்பை வைத்துத்தான் அந்தக் காலத்தில் அவரைக் குச்சி என்று கூப்பிட்டார்கள்.

"என்னப்பா, என்னைத் தெரியலையா? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி உங்கிட்ட அடி வாங்கினவன்" என்று குச்சி சிரித்தார். "இவன் என் பையன்."

"உன்னைத் தெரியாம இருக்குமா" என்றார் தராசு. குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

குச்சி மகனிடம் திரும்பினார். "நல்லா பாத்துக்கடா. இறுதிப் போட்டியில மூணாவது ரவுண்டுல என்னை உக்கார வச்சவரு இவருதான். நேர்மையா ஜெயிச்சாரு."

தராசு எடைக்கருவியைப் பார்த்தார். அறுபது கிலோ நானூறு கிராம். "நானூறு கூட. ஒரு மணி நேரம் டைம் இருக்கு" என்று வழக்கமான வாக்கியத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

அந்த இறுதிப் போட்டி நடந்தபோது தராசு புதுமாப்பிள்ளை. மனைவி ஆசையாகப் பரிமாறும்போது போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விளைவு, போட்டியன்று காலை ஒரு கிலோ அதிகம். மனைவியின் அண்ணன்தான் அவருக்கு உதவியாளர். "நான் பாத்துக்கறேன் மாப்ள, நீ தண்ணியக் குடி" என்றார் மச்சான். குடித்தார். வயிறு நிறையக் குடித்ததில் அந்த ஒரு கிலோ, ஒரு கிலோ நானூறு கிராமாயிற்று.

எடை கொஞ்சம் கூடினால் கால்சட்டையையும் கழற்றிவிட்டு ஏறுவது உண்டு. அப்போது இரண்டு பேர் முன்னால் துண்டை விரித்து மறைப்பார்கள். ஒரு முனையை மச்சான் இறுக்கிப் பிடித்தார். மறைவில் இரண்டு முழங்கைகளையும் துண்டின் விளிம்பில் ஊன்றி, தன் பாரத்தில் ஒரு பங்கைத் துண்டின் மேல் இறக்கினார் தராசு. முள் அறுபதில் நின்றது. மானத்தை மறைக்கப் பிடித்த துண்டில்தான் அவர் மானம் போயிற்று. பார்க்கத்தான் ஆள் இல்லை.

துண்டின் மறுமுனையைப் பிடித்தவர் குச்சி. அடுத்து வரிசையில் நின்றதால், யாரும் கேட்காமலே கைகொடுக்க வந்த நல்ல மனசு. அவர் மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்காமல், டப்பாவில் எச்சிலைத் துப்பித் துப்பி எடையைக் குறைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. அன்று சாயங்காலம் மூன்றாவது ரவுண்டில் கால் மடங்கி உட்கார்ந்தவர், மறு மாதமே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு லேத் பட்டறைக்குப் போய்விட்டார்.

தராசு மேலும் எட்டு வருடம் ஆடினார். நாற்பதுக்கு மேல் சண்டைகள், மூக்கெலும்பு இரண்டு முறை உடைந்தது. ஆனால் துறைமுக அலுவலக வேலை, சங்கத்துச் சுவரில் போட்டோ, இந்த அதிகாரிப் பதவி எல்லாம் அந்த ஒரு பதக்கத்தின் வழியாக வந்தவை. அடுத்தவன் பிள்ளையின் பத்து கிராமைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவர், தன்னுடைய ஒரு கிலோ நானூறைப் பற்றி மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

இப்போது பையன் பிளாஸ்டிக் சட்டைக்குள் வேர்த்து ஊற்ற, கயிறு குதித்துக்கொண்டிருந்தான். குச்சி வந்து தராசின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தத் தோல்விக்கப்புறம் நமக்கு இது ஒத்து வராதுன்னு விட்டுட்டேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு, உனக்கு மனசுலதான் தெம்பு இல்லைன்னு எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தராசு வாயைத் திறந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான் வந்தது. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

கொடுத்த ஒரு மணி நேரம் முடியப் பத்து நிமிடம். பையன் மறுபடி ஏறினான். அறுபது கிலோ நூற்றிருபது கிராம். கால்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். துண்டின் ஒரு முனையைக் குச்சி பிடித்தார், மறுமுனையைக் குறிப்பெழுதும் உதவியாளர். எண்கள் ஓடி, ஐம்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து எண்பதில் நின்றன.

"வந்துருச்சு சார்" என்றார் உதவியாளர்.

தராசு எண்ணைப் பார்க்கவில்லை. பையனின் கையைப் பார்த்தார். மயக்கத்தில் லேசாகத் தள்ளாடிய பையனின் இடது முழங்கை துண்டின் விளிம்பில் சாய்ந்திருந்தது. அது அவனுக்கே தெரியாது. பிடித்திருந்த இருவருக்கும் தெரியாது. உலகத்திலேயே அந்த இடத்தைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருத்தர்தான் இருந்தார்.

பேசாமல் எழுதிவிட்டால் போதும். குச்சியின் மகன் போட்டிக்குள் வந்துவிடுவான், பழைய கடன் கொஞ்சம் தீர்ந்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், துண்டைப் பற்றியும் யாரும் யோசிக்கமாட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் வெளியே பெஞ்சில் இந்தப் பையனோடு மோதப்போகிறவன் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தான். உள்ளே வரும்போதே தராசு அந்த உதட்டைப் பார்த்திருந்தார்.

"தம்பி, துண்டு மேலருந்து கைய எடு."

"சார்?"

"முழங்கைய எடுப்பா."

பையன் எடுத்தான். எண்கள் மறுபடி ஓடி, அறுபது கிலோ அறுபது கிராமில் நின்றன. அறுபது கிராம் அதிகம்.

உதவியாளர் வாயைப் பிளந்தார். "இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அனுபவம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். நாக்கு நுனி வரை அது வந்தும் விட்டது. ஆனால் குச்சி தன் கையிலிருந்த துண்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அதை லேசாகச் சுண்டிப் பார்த்தார். பிறகு மகனிடம், "துணியப் போட்டுக்கிட்டு வெளிய இருடா. ரூல்னா ரூல்தான்" என்றார். பையன் கண் கலங்கிப் போனான்.

கதவு சாத்தியதும் குச்சி குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அன்னிக்கு ஒரு முனையில உன் மச்சான். இன்னொரு முனையில நான்."

"ஆமா."

"எவ்வளவு?"

"ஒரு கிலோ நானூறு." இருபத்தாறு வருடத்தில் ஒரு கிராம்கூட அவர் மறந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்த முடியவில்லை. "மன்னிச்சிரு" என்ற வார்த்தை பாதியிலேயே நின்றது.

குச்சி துண்டை நாலாக மடித்து மேசைமேல் வைத்தார். "அன்னிக்கு எனக்குக் கை நடுங்குச்சு. பட்டினி கிடந்து, ஒரு துண்டப் புடிக்கக்கூட நமக்குத் தெம்பு இல்லைன்னு நெனச்சேன்" என்றார். "அந்த நெனப்போடதான் ரிங்குல ஏறினேன்."

பிறகு மகனைத் தேடி வெளியே போனார்.

உதவியாளர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "சார், அடுத்த பிரிவக் கூப்பிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தராசு நாற்காலியிலிருந்து எழுந்து, பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கூப்பிடு. எடைய நீ பாரு."