மடக்குக் கத்திக்கு ஒரு நாள் கெடு

பார்சல் கட்டுகிறவனுக்கு மடக்குக் கத்தி வாங்கியதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே திரிந்தான். மனைவியின் சட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை அறுத்தான். பொத்தானும் சேர்ந்து போனது. ஆப்பிள் நறுக்கினான், சாறு மடிப்புக்குள் இறங்கி, கத்தி மூட மாட்டேனென்று அடம்பிடித்தது.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உருப்படியா ஒரு வேலை செய்யட்டும்," என்றாள் மனைவி. "இல்லேன்னா உங்க பையில இருக்காது, கரண்டிகளோட இழுப்பறையில கிடக்கும். எங்க அண்ணன்தான் சாட்சி."

அண்ணனும் அவனும் ஒரே மேசையில் பார்சல் கட்டுகிறவர்கள். டேப்பைத் தன் பல்விளிம்பிலேயே அறுத்துத் தரும் உருளை அவன் கையிலேயே இருந்தது. அவனோ அதைக் கீழே வைத்து, நகம் மடங்கக் கத்தியை விரித்து, அறுத்து, மூடிப் பையில் போட்டான். அதற்குள் அண்ணன் அடுத்த பெட்டியை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பிட்டு வந்து பையைத் தட்டினான். பை காலி.

"என்ன மாப்ள, முழிக்கிற?"

"கத்திய ஏதோ பெட்டிக்குள்ள வெச்சு ஒட்டிட்டேன் மச்சான்."

அண்ணன் சிரிப்புத் தாங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பிரிச்சுப் பாரு. உன் கத்தியாலேயே பிரி!"

வீட்டுச் சாவியால் டேப்பைக் கீறினான். நன்றாகவே கிழிந்தது, அதுதான் எரிச்சல். அடுக்கிலிருந்த பெட்டியெல்லாம் பிரித்த பிறகு, கடைசிப் பெட்டியில் ஒரு பீங்கான் கோப்பைக்குள் சொகுசாகப் படுத்திருந்தது கத்தி.

சாயங்காலம் வீட்டில் அண்ணனால் சாட்சி சொல்லவே முடியவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. மனைவிக்கு அதுவே போதும். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு இழுப்பறையை இழுத்தாள். விரல் நுழையாத இடுக்கு விட்டு நின்றுவிட்டது. உள்ளே ஏதோ கரண்டி நிமிர்ந்துகொண்டு முட்டியது. அண்ணன் இழுத்தார். சமையல் மேடைதான் ஆடியது.

"கத்திய இங்க கொடு," என்றான் அவன்.

அலகை இடுக்கில் நுழைத்துக் கரண்டியை அமுக்கி இழுத்தான். இழுப்பறை பாய்ந்து வந்து அவன் வயிற்றில் இடித்தது.

"பாத்தியா! ஜெயிச்சுட்டேன்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டே குதித்தான்.

"ஜெயிச்சது கத்தி," என்றாள். "இந்தக் கரண்டி தினமும் நிமிரும். கத்தி இங்கயே இருக்கட்டும்." அடுப்பருகே ஆணியில் மாட்டிவிட்டாள்.

"உங்க அண்ணன்கிட்டக் கேளு, இது அநியாயம்!"

"உனக்குத்தான் சாவி இருக்கே மாப்ள," என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்தான். கத்தியைவிட நன்றாகச் சத்தம் வந்தது.