நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்

துபாயிலிருந்து ஜலாலுதீன் கொண்டுவந்த வீடியோ டெக்கில் பாட்டும் சண்டையும் பழவேற்காட்டுக்கே கேட்டன. பேச்சு மட்டும் விளங்கவில்லை. டிவிக்கு இருபுறமும் இருந்த ஸ்பீக்கர்களுக்கு நடுவே, பேச்சுக்கென்று தனியாக ஒன்று தேவைப்பட்டது. பெரியதும் சின்னதுமாக இரண்டைக் கடையிலிருந்து வாங்கி வந்தான். பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இரண்டையும் போட்டுக் கேட்கக் கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் அவன் மனைவி பரீதா. வெளி ஆண்கள் இருக்கும்போது அவள் குரல் கேட்கக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் கதவுச் சங்கிலியைத்தான் தட்டுவாள். முதலில் மாட்டிய சின்னதில் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பெரியதை மாட்டியதும் ஒரே இரைச்சல். சங்கிலியைத் தட்டிப் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை. இனி வாழ்நாள் முழுக்க இந்த இரைச்சல்தானா என்று நினைத்ததும் தன்னை மறந்து கத்திவிட்டாள்.

"ஒண்ணுமே புரியலியே!"

படத்தில் அப்போது கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்.

"அட்ரா சக்க!" என்றார் பக்கத்து வீட்டுக் கலந்தர். "பொம்பள கொரலு இன்னா தெளிவா வருது பாரு! இத்தயே வெச்சிக்கோ மச்சான்."

மனைவியின் குரல் ஜலாலுதீனுக்குத் தெரியாதா? திரைச்சீலையை ஒருமுறை பார்த்தான். "ஆமா பாய், இதான் பெஸ்ட்டு," என்றான்.

கத்தியது தான் என்று யாருக்கும் தெரியவில்லையே என்று பரீதாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியின் மேல் கோபம் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.