பகலில் எரிந்த விளக்கு

கானாவில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடியோ காலில் அதைக் காட்டியவள் அடிசா. கரண்ட் லைனே போகாத ஒரு ஊரில் எங்கள் ஓசூர் கம்பெனியின் சோலார் விளக்குகளை மாட்டுகிற குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்குப் பின்னால் சிவப்பு மண் ரோடு, அப்படியே இங்கே பாகலூர் பக்கம் மாதிரி. ஊரிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அது. விளக்குகள் பகலெல்லாம் எரிந்து, பொழுது சாய்வதற்குள் பேட்டரி காலியாகிவிடுகிறதாம்.

"சௌமியா, இன்னைக்கு சரியாகலைன்னா எல்லாத்தையும் கழட்டித் திருப்பி அனுப்பிடுவாங்களாம். அடுத்த லோடும் கேன்சல்," என்றார் மேனேஜர் ஸ்ரீராம் சார்.

"ஒவ்வொண்ணும் நான் டெஸ்ட் பண்ணித்தான் சார் பேக்கிங்குக்கு விட்டேன்."

நிஜம்தான். விளக்கின் தலையில் பட்டாணி அளவில் ஒரு சென்சார் இருக்கும். நாங்கள் கண் என்போம். வெளிச்சம் பட்டால் அணை, இருட்டினால் எரி. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இங்கே ஓசூரில் ஒழுங்காக இருந்த கண், கப்பலேறினதும் எப்படிக் கெட்டுப்போகும்? ஒன்று ரெண்டு என்றால் சரி, அத்தனையுமா?

கம்பத்தில் ஏறியிருந்த ஆளிடம் போனைக் கொடுத்து, கண்ணைக் கிட்டத்தில் காட்டும்படி அடிசாவிடம் சொன்னேன். படம் ஆடி நின்றது. கண் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்துபோன மஞ்சளாக ஒரு வட்டம். நடுவில் சிவப்பு.

"என்னது, பூச்சிக் கூடா?" என்றார் சார்.

பேக்கிங் நாகம்மாள் அக்கா, கையில் டேப்போடு எட்டிப் பார்த்தார். "அய்ய, அது நம்ம பொட்டுங்க சார். நாந்தான் வெச்சேன்."

சார் அக்கா பக்கம் திரும்பினார்.

"மொத மொதல்ல வெளிநாட்டுக்குப் போற லோடு. பூசை பண்ணாம விடுவாங்களா? நடு நெத்தியாட்டம் பளபளன்னு இருந்துது, சந்தனம் குங்குமம் வெச்சேன். எல்லாத்துக்கும்தான் வெச்சேன், ஒண்ணையும் விடல."

"ஒண்ணையும் விடலையா," என்று சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. கண் கெடவில்லை. கண்ணை மூடிவிட்டோம், அது ராத்திரி என்று நம்பிக்கொண்டிருக்கிறது! அடிசாவிடம் கத்தினேன், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி. அந்த ஆள் எச்சில் தொட்டுத் தன் சட்டை நுனியாலேயே தேய்த்தான். மஞ்சள் போயிற்று. சிவப்பு போயிற்று.

விளக்கு அணைந்தது.

லைனில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம், ஒரு விளக்கு அணைந்ததற்கு. அடிசா சிரித்தபடியே, இது என்ன சாயம் என்று கேட்டாள். நல்லபடியாகப் போய்ச் சேர நாங்கள் வைக்கிற பொட்டு என்றேன். அடுத்த கம்பத்துக்கு ஆளை விரட்டினாள். அங்கே இன்னும் காலைதான். இருக்கிற வெயில் பேட்டரிக்குப் போதுமா என்பது ராத்திரிதான் தெரியும்.

நாகம்மாள் அக்கா ஈரத்துணியோடு அடுத்த லோடு பக்கம் நடந்தார்.

"ஏம் பாப்பா, இனிமே எங்கதான் வெக்கிறது?"

"அடியில வைங்கக்கா. தலையை மட்டும் விட்ருங்க."

போனில், அடுத்த கம்பத்தையும் துடைத்துவிட்டு, அந்த ஆள் நம்பாமல் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திப் பார்த்தான். எரிந்தது. எடுத்தான், அணைந்தது. மறுபடி பொத்தினான். இங்கே என் கையும் காற்றில் மூடித் திறந்துகொண்டிருந்தது.