சும்மாட்டின் மேல் லேப்டாப்

"புடிங்க மேடம்! போவுது, போவுது!"

வினோதினி பாய்ந்து பிடித்தாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் அதைத் தாங்கும் ஸ்டாண்டின் கழுத்து. ஜீப் உப்பள வரப்பின் மேட்டில் ஏறி, அந்தரத்தில் கொஞ்சம் யோசித்து, பொத்தென்று இறங்கியது. அவள் தலை மேல்கம்பியில் 'ணங்'கென்று இடித்தது. வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையைப் பார்த்தாள்.

கறுப்பு.

"பூட்ச்சா மேடம்?" டிரைவர் சகாயநாதன் எழவு வீட்டுக் குரலில் கேட்டார்.

"பூட்ச்சு."

அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஜீப்பிலிருந்து வரும் ஒயர்தான் அதற்கு மூச்சு. குலுங்கினால் ஒயரின் பிளக் நழுவும். பிளக் நழுவினால் திரை அணையும். திரை அணைந்தால் அதுவரை அளந்தது அத்தனையும் அம்போ! மறுபடி முதல் வரப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேலை என்னவோ சுலபமானதுதான். மரக்காணம் உப்பளத்தின் வரப்புகள் மேல் ஜீப்பை ஓட்டிக்கொண்டே போனால் போதும். கூரையில் முடுக்கியிருக்கும் ஆன்டெனா மேடு பள்ளத்தை அளக்கும், லேப்டாப் அதை எழுதிக்கொள்ளும். மழைத் தண்ணீர் வடிய எங்கே கால்வாய் வெட்டலாம் என்று அப்புறம் கம்பெனி முடிவு செய்யும். ஆன்டெனாவிலிருந்து ஸ்டாண்டு வரை எல்லாவற்றுக்கும் சென்னையிலிருந்தே போல்ட் வந்திருந்தது. திருடு போனால் அடையாளம் தெரியட்டும் என்று கம்பெனி போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்.

காலையில்தான் மேனேஜர் சித்தார்த்தன் போனில் குளிர்ச்சியாகச் சொல்லியிருந்தார்: "வாரம் பூரா இதே கதை வினோதினி. இன்னைக்கு முடியலன்னா நாளைக்கு வேற டீம் வரும். நீங்க ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கலாம். அது ஆடாது."

கிழக்கே கடலுக்கு மேல் மேகம் எருமை மந்தையாகத் திரண்டிருந்தது. ஒரு மழை விழுந்தால் போதும், வரப்பெல்லாம் களியாகிவிடும். பொங்கல் வரை ஜீப் உள்ளே வர முடியாது.

"சகாயநாதன், கொஞ்சம் மெதுவா போங்களேன்."

"இதுக்கு மேல மெதுவா போனா வண்டி பின்னாடி போவும் மேடம்! இருவதுதான்."

ஸ்பீடோமீட்டரைப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. அதன் முள் எந்தக் காலத்திலோ உடைந்து, கண்ணாடிக்குள் படுத்துக் கிடந்தது. வினோதினியோ வேலை நடக்கும் நேரமெல்லாம் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

ஸ்டாண்டைச் சரிபண்ண அவர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. சொல்லப்போனால் முதல் வைத்தியம் சகாயநாதனுடையது. அவள் வந்து சேர்ந்த அன்றே, "கம்பெனிக்காரன் மாட்னது சரியில்ல மேடம். நானே கட்டிட்டேன்" என்று ஸ்டாண்டின் அடியில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றோ சுற்றென்று சுற்றி வைத்திருந்தார். இப்படி ஒரு டிரைவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் உருகிப்போனாள். அதற்குமேல் பஞ்சர் கடை மரியதாஸ் கொடுத்த லாரி டியூபை அறுத்துக் கட்டினார்கள். அதற்குமேல் மீன்வலை. பக்கவாட்டில் முட்டுக்கொடுக்க அரை மூட்டை உப்பு. உப்பு கசிந்து அவள் செருப்பு வெளுத்ததுதான் மிச்சம். மடியில் வைத்துக்கொண்டும் பார்த்தாள். மடியே ஆடியது.

ஆடாதது அந்த ஜீப்பில் ஒன்றே ஒன்றுதான்.

டேஷ்போர்டின் நட்டநடுவில், மரப்பீடத்தில், ஒரு சாண் உயர மாதா சொரூபம். நீல முக்காடு, காலடியில் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். கதவு கதறும், கண்ணாடி நடுங்கும், வினோதினியின் குடல் இடம் மாறும். மாதா மட்டும் புன்னகை மாறாமல் நிற்பாள்.

ஜீப் சந்தனமேரியின் பாத்தியருகே நின்றது. சந்தனமேரி சகாயநாதனின் மனைவி. மழைக்கு முன்னால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தவள், கையை உதறிவிட்டு வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் வருவாள். புருஷனைப் பார்க்க அல்ல. தலையை ஜீப்புக்குள் நீட்டி, மாதாவை ஏற இறங்கப் பார்த்து, சிலுவை போட்டுக்கொள்வாள்.

"அசையல," என்றாள் திருப்தியாக.

"தினம் இன்னா பாக்கறீங்க அக்கா?" வினோதினி தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்குத் தெரியாதாம்மா? போன வருசம் பெருமுக்கல் ரோட்டுல ஸ்பீடா போயி வண்டியக் கவுத்துட்டாரு இந்த ராசா. நெத்தியில எட்டு தையலு. அப்பதான் இந்த மாதாவ வாங்கியாந்து வெச்சேன். ஒட்டக் கூடாது, கட்டக் கூடாது, சும்மா நிக்கணும். ஸ்பீடா போனா மாதா சாஞ்சிடுவா. மாதா சாஞ்சா வண்டிச் சாவி எங்கிட்ட. அன்னியோட அவரும் உப்பு வாரதான் வரணும்."

"தொட்டுப் பாத்தீங்களா?"

சந்தனமேரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாதாவத் தொட்டுச் சோதிக்கறதா? விசுவாசம் இல்லாதவ பண்ற வேலைம்மா அது. கண்ணால பாத்தா போதும். மாதா அசையல, அப்ப எங்க வூட்டுக்காரரு மெதுவாதான் ஓட்றாரு. உன் மிசினுலதான் கோளாறு."

சகாயநாதன் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

சாட்சி சொல்வது மாதா.

சந்தனமேரிக்கே இரக்கம் வந்துவிட்டது. தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து நீட்டினாள். உப்புக்கூடைக்கு அடியில் வைக்கும் துணிச்சுருள். "இத்த அடியில வெச்சிப் பாரு. கூடை ஆடும், கழுத்து ஆடாது."

சும்மாட்டின் மேல் லேப்டாப். அதைச் சுற்றி வலை, வலையைச் சுற்றி டியூப், டியூபைச் சுற்றி சந்தனமேரியின் பழைய சேலை. கட்டி முடித்தபோது குளிருக்குப் போர்த்திய பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தது. திரை மட்டும் முகம் போல எட்டிப் பார்த்தது.

"இதான் கடைசி ரவுண்டு. கெளம்புங்க," என்றாள் வினோதினி.

கிளம்பினார்கள். பாதி உப்பளம் தாண்டியது. திரை உயிரோடிருந்தது. முக்கால்வாசி தாண்டியது. அப்போதும் உயிர்! வினோதினி மூச்சுவிடக்கூட பயந்தாள். கடைசி வரப்பில் திரும்பும்போது கண்ணாடியில் சொத்தென்று முதல் துளி விழுந்தது.

"மழை மேடம்!" என்று கத்திய சகாயநாதனின் கால் என்ன செய்ததோ, ஜீப் சீறியது. சும்மாடு பிதுங்கி வெளியே வந்தது. வலை அறுந்தது. பச்சைப்பிள்ளை மெல்லத் தலைசாய்ந்தது. பிளக் நூலிழையில் நின்றது.

வினோதினிக்கு எதிரே ஆபீஸ் டெலிபோன் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், புன்னகையோடு, ஆடாமல் அசையாமல், மாதா.

"தாயே, மன்னிச்சுக்கோ!"

துப்பட்டாவை உருவி லேப்டாப்பின் முதுகில் ஒரு சுற்று, மாதாவின் இடுப்பில் ஒரு சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு.

"ஐயோ மேடம், மாதா மேல கை வைக்காதீங்க!" சகாயநாதன் அலறினார். மழையைவிட, கவிழ்வதைவிட, அதற்குத்தான் அதிகமாகப் பயந்தது போலிருந்தது அந்த அலறல். "இழுக்காதீங்க மேடம், பாவம்!"

"நீங்க ரோட்டைப் பாருங்க!"

ஜீப் எகிறியது. ஜீப் இறங்கியது. வினோதினியின் தலை இன்னொரு முறை இடித்தது. லேப்டாப் அசையவில்லை. பாறையில் கட்டிய படகு மாதிரி நின்றது. வரப்பு முடிந்தது. அளவு முடிந்தது. அவள் பட்டனை அழுத்த, ஃபைல் பத்திரமாகச் சித்தார்த்தனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மழை கொட்டத் தொடங்கியபோது ஜீப் சந்தனமேரியின் கொட்டகைக்குள் நுழைந்து நின்றது. வினோதினி சிரித்தாள், அழுதாள், சந்தனமேரியைக் கட்டிக்கொண்டாள். "மாதாதான் அக்கா காப்பாத்தினாங்க!"

"நான் சொல்லல?" சந்தனமேரி பெருமையோடு தலையை உள்ளே நீட்டினாள். இடுப்பில் துப்பட்டாவோடு மாதா நேராக நின்றாள். "பாரு, இப்பவும் அசையல."

போன் அடித்தது. வினோதினி ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல சேதியை எல்லோரும் கேட்கட்டுமே!

"வினோதினி, பிரமாதம்!" என்றார் சித்தார்த்தன். "ஃபைல் முழுசா வந்துடுச்சு. வேலை உங்களுதுதான், வேற டீம் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு சந்தேகம். ஃபைல்ல வண்டியோட ஸ்பீடும் பதிவாயிருக்கு. ஏம்மா, வரப்பு மேல யாராவது எழுபதுல போவாங்களா?"

சந்தனமேரியின் தலை ஜீப்பிலிருந்து வெளியே வந்தது.

"எழுவதா?" என்றாள் சந்தனமேரி.

"அவரு ஆபீஸ்ல உக்காந்துகினு ஏதோ சொல்றாரு மேரி..." சகாயநாதன் மெதுவாக ஜீப்பின் மறுபக்கம் நகர்ந்தார்.

சந்தனமேரி புருஷனைப் பார்த்தாள். மாதாவைப் பார்த்தாள். மறுபடி புருஷனைப் பார்த்தாள். "எழுவதுல போயிருக்கீரு. மாதா அசையல."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "தாயே, சோதிக்கறேன்னு நெனைக்காத" என்று முணுமுணுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக மாதாவைக் கையால் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஜீப் அசைந்தது. மாதா அசையவில்லை.

வினோதினியின் கண் தன்னால் ஸ்டாண்டின் பக்கம் திரும்பியது. கட்டியதெல்லாம் அவிழ்ந்து கிடந்தது, அடியில் முதல்நாள் சுற்றிய நார்க்கயிறு உட்பட. ஸ்டாண்டின் இரும்புத் தட்டில், மூலைக்கு ஒன்றாக, நான்கு வெறும் ஓட்டைகள்.

அவள் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில், மாதா நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, போன் வெளிச்சத்தை அடித்தாள்.

நான்கு போல்ட். நான்கின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்.