வலது மூலை முக்கோணம்

ஏணியின் மூன்றாவது படியில் கால் வைக்கும்போதே டால்வா அத்தை ஓடிவந்து ஜுல்மிராவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்குடி! அப்பன் கூடத்துல கிடக்கான், நீ சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டியா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பாக்கறவங்க சுவரைப் பாக்கட்டும் அத்தை."

ஜுல்மிரா பாவாடையை விடுவித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஒவ்வொரு ஜூனிலும் புனிதர் சான் ஜோவான் திருவிழாவுக்கு முன்னால் ஊரே வீட்டு முகப்புக்குப் புதுச் சாயம் பூசும். அவள் அப்பா எவரிஸ்டோவின் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாயப்பொடி வாங்கவே போவார்கள். இந்த வருடம் கூரையை மறைத்து உயர்ந்து நிற்கும் முகப்புச் சுவர் முழுவதும் அவர் முக்கோணங்களை அடுக்கியிருந்தார். நேற்று சாயங்காலம், "மிச்சத்தைக் காலையில பாத்துக்கலாம்" என்று இறங்கி, கை கழுவி, காப்பிக்கு உட்கார்ந்தவர் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டார். வலது மூலையில் ஒரு முக்கோணம் வெள்ளையாக நின்றது.

துக்க வீட்டில் ஒரு வருடம் சாயம் படக்கூடாது. இன்று சாயங்காலம் சவப்பெட்டி கிளம்பிவிட்டால், அடுத்த ஜூனுக்குள் மற்ற நிறங்கள் வெளுத்துப்போகும். அப்பாவின் சுவர் முடியாத சுவராகவே அழிந்துவிடும்.

சித்தப்பா ஒனோஃப்ரே வாசலுக்கு வந்தார். ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் முறை தவறாமல் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"துக்க வீடுன்னு தெரியுமா உனக்கு?"

"பெட்டி போனப்புறம்தானே சித்தப்பா துக்கம்? அப்பா இன்னும் வீட்டுலதான இருக்காரு."

அவர் சுவரைப் பார்த்தார். அண்ணனோடு அவர் போட்ட சண்டையெல்லாம் அதன் பொருட்டுத்தான்.

"பாதிரியார் வர்றதுக்குள்ள இறங்கிடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கசாப்புக் கடைக்காரர் ஜெரோன்சியோ, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து பழைய கதையை எடுத்துவிட்டிருந்தார்.

"கோயில் சுவத்துல சான் ஜோவானை வரைடான்னாங்க. வரைஞ்சான். உடம்பெல்லாம் புனிதர். மூஞ்சி மட்டும் என் மூஞ்சி! ஊரே மெழுகுவத்தி ஏத்துது. என் பொண்டாட்டி மட்டும் மண்டிபோட மாட்டேன்னுட்டா. வீட்டுல பாக்கறது போதாதான்னா."

அந்த முகத்தை அழிக்கச் சொன்னார்கள். எவரிஸ்டோ அழித்தார். கைகளும் சரியில்லை, புனிதர் ஏந்தியிருந்த ஆட்டுக்குட்டி நாய்போல இருந்தது, அவற்றையும் அழித்தார். அங்கியின் மடிப்புகள் மட்டும் மிஞ்சின. சிவப்பும் மஞ்சளுமாக நாலைந்து முக்கோணங்கள். சாயங்காலம்வரை அதன் முன்னால் நின்றவர், "ஆளே இல்லாம நல்லாருக்கே" என்றாராம். அதற்குப் பிறகு அவர் முகம் வரையவில்லை. யாரிடமும் போய்க் கற்கவும் இல்லை. சாயத்தில் நனைத்த நூலைச் சுண்டிக் கோடு போட்டார், தப்பினால் அதன் மேலேயே வேறு கோடு போட்டார். முதல் வருடம், பைஜாமாத் துணிபோல இருக்கிறதென்று, அவர் வீட்டுக்குப் 'பைஜாமா வீடு' என்று பேர் வைத்தார்கள். ஒனோஃப்ரே அந்தத் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போனார். ஐந்தாறு வருடத்தில் தெரு முழுக்க முக்கோணங்கள் வந்துவிட்டன.

ஜுல்மிரா ஏணியிலிருந்தபடி வரிசையைச் சரிபார்த்தாள். மஞ்சள், ரோஜா, நீலம். மறுபடி மஞ்சள், ரோஜா. மூலைக்கு நீலம்தான் வர வேண்டும். மாலைப் பள்ளிக் கணக்கில்கூட அவள் விடையை இரண்டு தரம் போட்டுப் பார்ப்பாள். இங்கேயும் பார்த்தாள். நீலம்தான்.

ஆனால் வாளியில் நீலம் நேற்றே கரைத்துத் தயாராக இருந்தது. தயாராக வைத்துக்கொண்டும் அப்பா ஏன் பூசாமல் இறங்கினார்?

இறங்கி எதிர்ச்சாரியில் போய் நின்று பார்த்தாள். அந்த மூலையில் நீலத்தை நினைத்துப் பார்த்தபோது சுவர் கடைக்கதவு போல மூடிக்கொண்டது. அங்கே சுவர் திறக்க வேண்டும். சுண்ணாம்புப் பாலில் மஞ்சள் பொடியோடு செங்கல்பொடியைக் கலந்தாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அப்பா ஒருநாளும் பூசாத நிறம். ஏணியில் ஏறிய பிறகும் கை பின்வாங்கியது. பாதிரியாரின் ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பூசிவிட்டாள்.

ஜெரோன்சியோ வெளியே வந்து அண்ணாந்தார். "ஈரல் மாதிரி இருக்கேம்மா."

"காஞ்சா வெளுக்கும் மாமா."

"வெளுக்கும், தெரியும். இவ்வளவுமா வெளுக்கும்?"

அது அவளுக்கும் தெரியவில்லை. சுண்ணாம்புச் சாயம் ஈரத்தில் பொய் சொல்லும். எவ்வளவு பொய் என்பது காய்ந்த பிறகுதான் தெரியும். வானமோ மூடியிருந்தது. துணியை நனைத்து வந்து துடைத்துவிடலாமா என்று நினைத்தாள். நீலம் பூசியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜெபம் நடந்தபோது அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த ரோஜா நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் வந்ததா என்று எட்டிப் பார்க்கத் துணியவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் எல்லோரும் பாடிவந்த ஜெபப்பாட்டு நின்றது. முதலில் நின்றது டால்வா அத்தையின் குரல்தான்.

"அடியம்மா" என்றாள் அவள், மேலே பார்த்தபடி.

ஜுல்மிராவும் பார்த்தாள். ஈரல் நிறம் போயிருந்தது. உலர்ந்த மூலையில், அப்போதுதான் பற்றிய நெருப்புபோல, ஆரஞ்சு நின்றது. அதனால் நீலங்களெல்லாம் இன்னும் நீலமாகியிருந்தன. முக்கோணங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அந்த மூலை வழியே வானத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தன.

"நில்லுங்க" என்றார் ஒனோஃப்ரே.

பிணம் கால் முன்னே போகும்படிதான் எடுத்துப் போவார்கள். போகிறவர் வீட்டைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. முறை கெடாமல் இருக்க எத்தனையோ பேரின் பெட்டியை அவரே நேர்படுத்தியிருக்கிறார்.

"திருப்புங்க. தலை முன்னால போகட்டும்."

தூக்கியவர்கள் விழித்தார்கள்.

"நீயா சொல்றே?" என்றார் ஜெரோன்சியோ.

"நான்தான் சொல்றேன். கனமா இருக்கு, சீக்கிரம் திருப்புய்யா."

குறுகலான தெருவில் பெட்டி மெல்ல அரைவட்டம் சுற்றியது. மூடியில் முகத்துக்கு மேலே பதித்திருந்த கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. ஒனோஃப்ரே தொப்பியைக் கழற்றி அதனால் கண்ணாடியைத் துடைத்தார். பெட்டி நகரத் தொடங்கியது. கண்ணாடியில் மஞ்சளும் ரோஜாவும் நீலமும் ஆரஞ்சும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, எவரிஸ்டோவின் நெற்றிமேல் வழுக்கிக்கொண்டு போயின.