வெஞ்சனம் இல்லியே அப்பு

கஞ்சிக்கும் பஞ்சணைக்கும் என்னய்யா சம்பந்தம்? இந்த ஒரு கேள்வியைத்தான் இஞ்ஞாசியம்மாள் கேட்டாள். அதற்குப் போய் பவுல்ராஜ் ஆர்மோனியப் பெட்டியைப் படாரென்று மூடிவிட்டார்.

பவுல்ராஜ் திண்டுக்கல்லில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுவானாலும் போய்ச் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. அதில் பெண்குரல் இஞ்ஞாசி. பாடுவதோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. அவளுக்குச் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் கிறுக்கும் இருந்தது. எண்பத்தாறாம் வருஷம், பங்குனி வெயில் காலத்தில், தான் கட்டிய ஒரு பாட்டைக் குழுவுக்கு முன்னால் பயந்து பயந்து பாடிக் காட்டினாள்.

கஞ்சி கெடக்கு கலயத்துல
வெஞ்சனம் இல்லியே அப்பு
கொஞ்ச நேரம் நீ பேசிட்டு இருந்தா
எதுக்குக் கொழம்பு, உப்பு?

மெட்டு பவுல்ராஜுக்குப் பிடித்துப்போயிற்று. வினையே அதுதான்.

"மெட்டு சோக்கா இருக்கு தங்கச்சி. ஆனா வெஞ்சனம்னு மைக்குல பாடுனா ஊரு சிரிக்கும். அது அடுப்படிப் பேச்சு. அத எடுத்துட்டு பஞ்சணைன்னு போடு. அப்புவ அன்பேன்னு மாத்து. சினிமாக் கணக்கா இருக்கும்."

"கஞ்சி குடிக்கிறவ தொட்டுக்கிட வெஞ்சனந்தான கேப்பா? பஞ்சணையவாண்ணே தொட்டுக்குவா?"

தபேலாக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். பவுல்ராஜுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எங் குழுவுல எஞ் சொல்லுதான். இஷ்டம் இருந்தா இரு."

"அப்ப நான் வாரேண்ணே."

"போ, போ! போயி ஒன் அடுப்படியிலயே பாடு!"

அந்த மகராசன் வாயில் வந்ததை அவள் அப்படியே செய்தாள். தெருச் சத்தம் எட்டாத அறை அவள் வீட்டில் அடுப்படி ஒன்றுதான். கதவில் மெத்தையைச் சாய்த்து, புகைப்போக்கியைச் சாக்கால் அடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு புருஷனையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். புருஷன் சிலுவைமுத்து பூட்டுப் பட்டறையில் அரத்தால் ராவுகிறவன். பாட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம், ஆனால் தாளம் மட்டும் பிசகாது. தவலையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான்.

குவைத்திலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் ஒன்று. பஸ் கண்டக்டர் சோலைமலையிடம் இரவல் வாங்கியது இன்னொன்று. முதல் பெட்டியில் அவள் வாசித்த பழைய ஆர்மோனியமும் அவன் தட்டிய தவலையும் பதிந்தாயிற்று. அதை ஓடவிட்டு, கூடவே அவள் பாட, இரண்டையும் சேர்த்து அடுத்த பெட்டி பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்கச் சுளுவாக இருக்கிறதல்லவா? செய்து பார்த்தால் தெரியும். முதல் தடவை கோழி கத்தியது. அப்புறம் கரண்டு போனது. அதற்கப்புறம் சிலுவைமுத்துவே தும்மித் தொலைத்தான். மறுபடி, மறுபடி, அதே வரி. அவள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிப்போயிற்று.

கடைசியில் ஒரு தடவை அமைந்தது. ஆகா, என்ன குரல் அது! தன் தொண்டையில் இப்படி ஒன்று இருந்ததா என்று அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. கடைசி 'வெஞ்சனம் இல்லியே அப்பு'வை இழுத்து நிறுத்தினாள், மெத்தை தடாலென்று சரிந்தது.

"ஏத்தா இஞ்ஞாசி! வெஞ்சனம் இல்ல, வெஞ்சனம் இல்லன்னு காலையிலருந்து இந்தக் கத்து கத்துற? பக்கத்துல நான் ஒருத்தி எதுக்குடி இருக்கேன்? இந்தா, கருவாட்டுக் கொழம்பு! சூடா இருக்கு, கைய சுட்டுக்காத!"

பக்கத்து வீட்டு அங்கம்மாள். கையில் கும்பா, குரலோ ஊர் முழுக்கக் கேட்கும் குரல். அம்புட்டும் டேப்பில் ஏறிவிட்டது. திரும்பப் பாடலாம் என்று முதல் பெட்டியை ஓடவிட்டால், அது தாளம் பதிந்த டேப்பை இழுத்துச் சுருட்டி மென்று வைத்திருந்தது. சிலுவைமுத்து மறுநாள் பட்டறைக்குப் போயாக வேண்டும். இரவல் பெட்டியையும் திருப்பியாக வேண்டும். இஞ்ஞாசி அம்மிமேல் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். அங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கொழம்புக்கு எதுக்குடி இந்த அழுக?" என்று அவளும் சேர்ந்து கண்ணைக் கசக்கினாள்.

பெட்டியை வாங்க வந்த சோலைமலை, பதிந்ததைப் போட்டுக் கேட்டான். கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யக்கா, இத நாளைக்கு எங்க பஸ்ல போடுறேன்."

"மானம் போயிரும்டா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. பாட்டக் கேட்டுட்டுத்தான சிரிக்கணும்?"

அவள் பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்தாள். பஞ்சணை என்று பாடிக் கைதட்டு வாங்குவதா, வெஞ்சனம் என்று பாடிச் சிரிப்பு வாங்குவதா? தன் பாட்டு ஊருக்கு முன்னால் நிற்குமா, விழுமா என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டாமா? கேசட்டின் மேல் 'பாட்டு, மெட்டு, குரல்: இஞ்ஞாசியம்மாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தப் பஸ்ஸில் அவளும் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நிலக்கோட்டைக்குப் பூ வாங்கப் போகிற பெண்கள் வண்டி நிறைய. பாட்டு ஆரம்பித்தது. ஒருத்தியாவது திரும்பிப் பார்த்தாளா? கிடையாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார்கள். இறங்கிவிடலாமா என்றுகூட இஞ்ஞாசி நினைத்தாள். அப்போது முன் சீட்டுக்காரி, "செத்த சும்மா இருங்கடி. வெஞ்சனமாம்ல!" என்றாள். பேச்சு அடங்கியது. ஒருத்தி வெறும் பூக்கூடையில் தாளம் போட்டாள். அங்கம்மாள் கருவாட்டுக் குழம்போடு நுழைந்ததும் பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஓரம் ஒதுங்கி நின்றது.

"ஏலே சோலைமலை, திருப்பிப் போடுறா!"

செம்பட்டி வருவதற்குள் அத்தனை பேரும் கூடவே பாடினார்கள். இஞ்ஞாசி முக்காட்டுக்குள் அழுதாள். இது வேற அழுகை.

அப்புறம் கேட்கவா வேண்டும்? கேசட் கடைக்காரர்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று பதிந்து கொடுத்தார்கள். டீக்கடை, சைக்கிள் கடை எங்கும் அங்கம்மாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் சாணார்பட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. மேடையில் பவுல்ராஜ் குழு. கூட்டத்திலிருந்து 'வெஞ்சனப் பாட்டு' என்று துண்டுச் சீட்டு வந்தபடியே இருந்தது. மனுஷன் புதிதாகச் சேர்த்த பெண்ணைப் பாடவிட்டார். பாவம் அந்தப் பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடி, 'பஞ்சணை இல்லையே அன்பே' என்றாள். அவ்வளவுதான்.

"ஏய்! வெஞ்சனம்யா, வெஞ்சனம்!"

"கஞ்சிக்குப் பஞ்சணையத் தின்பியா நீயி?"

விசில் பறந்தது. புருஷனோடு கடைசி வரிசையில் நின்றிருந்த இஞ்ஞாசியை யாரோ கண்டுகொண்டார்கள். "பாட்டுக்காரி இங்க நிக்கிறாய்யா!" என்று ஒரு சத்தம். அப்படியே வழி விட்டார்கள். பவுல்ராஜ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"ஏறி வா தங்கச்சி. வெஞ்சனம்னே பாடு. ஆனா நம்ம குழுப் பாட்டுன்னு சொல்லிருவோம். என்ன?"

அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு இஞ்ஞாசியம்மாள். இது நான் கட்டுன பாட்டு."

மைதானமே அதிர்ந்தது. சிலுவைமுத்து தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். அவள் மார்பு விம்மியது. செத்தாலும் சரி, இது போதும் என்றிருந்தது. கூட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

பவுல்ராஜ் ஆர்மோனியத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் எந்தக் கட்டையில் சுருதி பிடிக்கிறாரோ அதற்கு அவள் பாடுவதுதான் குழுவில் இத்தனை வருஷ வழக்கம். தொண்டை வலித்தாலும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அவர் கட்டைமேல் விரலை வைத்தார், எடுத்தார், தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எந்தக் கட்டையிலம்மா எடுக்கட்டும்?"

"அஞ்சு" என்றாள்.

அவர் அஞ்சைப் பிடித்தார்.