சகலை விட்ட புழு

துணிக்கடைக்காரர் எதையும் உரசிப் பார்க்காமல் நம்பியதில்லை. சும்மா வருவதை இருமுறை உரசுவார். ஞாயிறு காலை, அடுத்த வீட்டுச் சகலை மதில் மேல் எம்பி, இவருடைய பப்பாளி இலையில் ஒரு காகிதப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டுவதைப் பார்த்ததும், பல் தேய்த்த கை வாயோடு நின்றுவிட்டது.

மரம் ஏற்கெனவே குற்றுயிர். எங்கிருந்தோ கப்பலேறி வந்த மாவுப்பூச்சி, காயெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பியிருந்தது. இன்றைக்குள் ஒழியாவிட்டால் மரத்தை வெட்டுவதாக மனைவி சொல்லியாகிவிட்டது. கடைக்கு வெளியே இவர் கையில் தழைத்தது அது ஒன்றுதான்.

மரம் போனால் லாபம் யாருக்கு? சகலைக்கு. இலை விழுந்து தண்ணீர்த்தொட்டி நாறுகிறதென்று போன மாதம்கூட முணுமுணுத்தார்.

சகலை தலை மறைந்ததும் போய்ப் பார்த்தார். இலையில் வெள்ளையாய், சிலிர்த்த புழுக்கள். அதே மாவுப்பூச்சி, இரட்டை அளவில். 'குட்டி போதாதென்று தாயையே இறக்கிட்டானா?' சோப்புத் தண்ணீர் அடித்து அந்த இலையைக் கழுவிவிட்டுத்தான் குரல் கொடுத்தார்.

"தம்பி, பெட்டியில என்ன சரக்கு?"

மதிலுக்கு மேல் தலை மெல்ல எழுந்தது. "பாத்துட்டீங்களாண்ணே? அது பூச்சியைத் திங்கற பொறிவண்டோட புழு. வேஷம்தான் ஒண்ணு. மாவுப்பூச்சி உக்காந்த இடத்துலயே கிடக்கும், இது ஓடும். நல்லாப் பாருங்க."

அடுத்த இலையில் ஒன்று ஓடியது. பஞ்சுக் குவியலுக்குள் தலையை நுழைத்துத் தின்னவும் தொடங்கியது.

"சரி. காசு குடுத்து வாங்கி என் மரத்துல எதுக்கு விடணும்? அதுவும் திருட்டுத்தனமா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? சும்மா குடுத்த வேப்பெண்ணெயையே மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தவராச்சே."

"கேட்டதுக்குப் பதில்."

சகலை பெருமூச்சு விட்டார். "உங்க பூச்சி காத்துல வந்து என் செம்பருத்தியைத் திங்குது. அங்க அடிச்சா இங்கேருந்து மறுபடி வருது. ஊத்துக்கண்ணை அடைக்கலாம்னு வந்தேன்."

துணிக்கடைக்காரரின் தோள் தளர்ந்தது. "உங்களுக்கும் லாபம் இருக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா ஏணியே புடிச்சிருப்பேனே." பிறகு தொண்டையைச் செருமினார். "ஒரு இலையில இருந்ததைக் கழுவிட்டேன்."

"கழுவுவீங்கன்னு தெரியும்ணே. உங்க சேதாரத்துக்குன்னுதான் ரெண்டாவது பெட்டியும் வாங்கி வச்சிருக்கேன்."

மனைவி அரிவாளோடு வந்தாள். "என்ன முடிவு?"

"கொஞ்ச நாள் பொறு. வேலைக்கு ஆள் வச்சாச்சு."

இலையைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்துவிட்டு மதில் பக்கம் திரும்பினாள். "மரம் தேறலைன்னா, வெட்டற வேலை உங்களுது தம்பி."

"சரிக்கா."

அரிவாள் உள்ளே போனது. துணிக்கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். புது ஆட்கள், முதல் நாளே நம்பிவிட முடியுமா?